மேல்பட்டையில் யாருக்கு இடம்?

அமெரிக்காவின் முதல் வலைத்தளம் 1991 டிசம்பர் 12 அன்று கலிபோர்னியாவில் பிறந்தது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் நடத்திவரும் துகள் முடுக்கி ஆய்வகத்தில் பணியாற்றியவர் பால் குன்ஸ் என்ற இயற்பியலாளர். சில மாதங்களுக்கு முன் அவர் ஜெனிவா அருகேயுள்ள செர்ன் ஆய்வகத்துக்குப் போயிருந்தபோது, டிம் பெர்னர்ஸ் லீ தன்னுடைய புதுக் கண்டுபிடிப்பான உலகளாவிய வலையை அவருக்குக் காட்டியிருந்தார். ஊர் திரும்பிய குன்ஸ், நூலகர் லூயிஸ் ஆடிஸின் தூண்டுதலோடு ஒரு பக்கத்தை ஏற்றினார். மூன்றே வரி, இரண்டே இணைப்பு. ஆளைத் தேட ஒன்று, ஆய்வுக் கட்டுரையைத் தேட ஒன்று. வந்தவர்களுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

இன்று ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் தளத்தைத் திறந்து பாருங்கள். மேலே சின்னம், பெயர், தொடங்கிய ஆண்டு. அதன் கீழே ஒரு பட்டை: ‘எங்களைப் பற்றி’, ‘நிர்வாகம்’, ‘கல்வி’, ‘ஆராய்ச்சி’, ‘வசதிகள்’. ஒவ்வொன்றின் மேலும் சுட்டியைக் கொண்டுபோனால் திரையில் பாதி நீளத்துக்கு ஒரு பட்டியல் இறங்குகிறது. அதில் சிலவற்றுக்கு வலப்பக்கம் இன்னொரு பட்டியல் முளைக்கிறது. தளம் கட்டுகிறவர்கள் இதை ஹெடர் மெனு என்பார்கள். நான்காம் செமஸ்டர் ரிசல்ட் பார்க்க வந்த மாணவி இந்தப் பட்டியல்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிவிட்டு, கடைசியில் கூகுளுக்கே திரும்பிப் போய் பல்கலைக்கழகத்தின் பெயரையும் ‘ரிசல்ட்’ என்பதையும் சேர்த்துத் தட்டுகிறாள். இரண்டு நொடியில் கிடைத்துவிடுகிறது. அந்த மேல்பட்டை எதற்காக இருக்கிறது என்று அவள் கேட்பதில்லை.

ராண்டல் மன்ரோ கேட்டார். நாசாவில் ரோபோ வேலை பார்த்துவிட்டுக் கார்ட்டூன் வரைய வந்தவர். 2010-இல் அவர் தன்னுடைய எக்ஸ்கேசிடி தொடரில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு வட்டங்களை வரைந்தார். முதல் வட்டத்தில், பல்கலைக்கழக முகப்புப் பக்கத்தில் இருப்பவை: வளாகப் படங்களின் அணிவகுப்பு, தலைவரின் கடிதம், பத்திரிகைக் குறிப்புகள், நிறுவனத்தின் கொள்கை விளக்கம். இரண்டாம் வட்டத்தில், மக்கள் அங்கே தேடிவருபவை: விண்ணப்பப் படிவம், ஆசிரியர்களின் தொலைபேசி எண், கல்வி ஆண்டு நாட்காட்டி, பாடப் பட்டியல், வண்டி நிறுத்துமிடம், உபயோகமான வரைபடம். இரண்டு வட்டங்களும் வெட்டும் இடத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. பல்கலைக்கழகத்தின் முழுப்பெயர்.

பல்கலைக்கழகத் தளங்களில் வேலை செய்பவர்களிடையே அந்தப் படத்துக்குக் கிடைத்த வரவேற்பு கொஞ்சநஞ்சமல்ல. பலருக்குச் சிரிப்பு, சிலருக்குக் கோபம். ஆனால் படம் சொன்னது பொய் என்று வாதாடியவர்கள் குறைவு.

இப்படி ஆனதற்குக் காரணம் தொழில்நுட்பமல்ல. தொடக்க காலத்தில் இந்தத் தளங்களைக் கட்டியவர்கள் பெரும்பாலும் பயனாளிகளே: மாணவர்கள், நூலகர்கள், ஆய்வாளர்கள். அமெரிக்காவிலுள்ள எம்.ஐ.டி.யின் கதை இதற்கு நல்ல சான்று. 1993-இல் அங்கே முதலில் வலைத்தளம் தொடங்கியது மாணவர்களின் கணினிச் சங்கம். வழக்கமான ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ’ முகவரி அவர்கள் கைக்குப் போய்விட்டது. நிர்வாகம் தன் அதிகாரபூர்வத் தளத்தைத் தொடங்கியபோது அந்த இடத்தில் ‘வெப்’ என்று போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. பிறகு உலகெங்கும் பல்கலைக்கழகத் தளங்கள் மக்கள் தொடர்புத் துறையின் கைக்கும், கமிட்டிகளின் கைக்கும் மாறின. கமிட்டிக்குத் தெரிந்த ஒரே வரைபடம் நிர்வாக அமைப்பின் வரைபடம். வேந்தர், துணைவேந்தர், பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டாளர், புலங்கள், துறைகள், மையங்கள். அதை அப்படியே படுக்கவைத்தால் மெனு ரெடி.

மேல்பட்டையில் ஆறேழு இடம்தான் இருக்கிறது. துறைகளோ ஐம்பது, அறுபது. ‘எங்கள் மையத்துக்கு முகப்பில் லிங்க் இல்லையா?’ என்று ஒரு இயக்குநர் கேட்டால், தளத்தைப் பராமரிக்கும் இளநிலை ஊழியர் என்ன செய்வார்? சேர்த்துவிடுவார். அடுத்த மாதம் இன்னொருவர் கேட்பார். சேர்ப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. நீக்குவதற்குத்தான் கூட்டம் போட வேண்டும். ஐந்து ஆண்டுகளில் பட்டை இரண்டு வரியாகி, மூன்று வரியாகி, ஓரத்தில் ‘விரைவு இணைப்புகள்’ என்று ஒரு தனிப் பெட்டியும் வந்துவிடுகிறது. அப்படி ஒரு பெட்டி தேவைப்படுகிறது என்றால், மேலே உள்ள மெனு வேலை செய்யவில்லை என்று நிறுவனமே ஒப்புக்கொள்கிறது என்றுதான் பொருள்.

இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஹார்வர்டுக்கோ ஆக்ஸ்போர்டுக்கோ மாணவர் என்றால் வளாகத்தில் படிப்பவர். 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் முதல், இங்கே பல பல்கலைக்கழகங்கள் இணைப்புக் கல்லூரிகளை வைத்து நடப்பவை. பட்டம் தருவது பல்கலைக்கழகம், பாடம் நடத்துவது வெவ்வேறு ஊர்க் கல்லூரிகள். தளத்துக்கு வரும் மாணவர் வளாகத்தில் கால் வைத்ததே இல்லாதவராக இருக்கலாம். அவருக்கு வளாகப் பூங்காவின் படம் எதற்கு? ஹால் டிக்கெட், தேர்வு அட்டவணை, ரிசல்ட், அரியர் கட்டணம், ரீவேல்யூவேஷன் கடைசித் தேதி. படித்து முடித்தவருக்கு வேறு பட்டியல்: பட்டச் சான்றிதழ், மைக்ரேஷன், டிரான்ஸ்கிரிப்ட், வெளிநாட்டு வேலைக்கான ஜெனுயின்னஸ் சான்று. தொலைதூரக் கல்வி மாணவருக்கு இன்னொன்று. வருகிறவர்களில் பெரும்பங்கு தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தைத் தேடி வருகிறவர்கள். மேல்பட்டையில் அந்த அலுவலகமோ ‘நிர்வாகம்’ என்பதன் கீழே, நாலாவதோ ஐந்தாவதோ வரியில் ஒளிந்திருக்கும்.

சரி, எப்படிச் செய்ய வேண்டும்? இதற்கு ஒரு துறையே இருக்கிறது. தகவல் கட்டமைப்பு என்பது அதன் பெயர். லூ ரோசன்பீல்டும் பீட்டர் மோர்வில்லும் 1998-இல் எழுதி ஓரெய்லி வெளியிட்ட புத்தகம்தான் அதன் பாலபாடம். அட்டையில் பனிக்கரடி இருப்பதால் தொழிலில் அதைப் பனிக்கரடிப் புத்தகம் என்றே சொல்வார்கள். இருவரும் நூலக அறிவியல் படித்தவர்கள் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. புத்தகத்தை எந்த அலமாரியில் வைத்தால் வாசகர் கைக்கு எட்டும் என்று யோசித்த மூளைதான் இதற்கும் தேவை.

முதல் வேலைக்குக் கணினியே வேண்டாம். தளத்தில் உள்ள முக்கியமான பக்கங்களின் பெயர்களைத் தனித்தனித் துண்டு அட்டைகளில் எழுதிக்கொள்ள வேண்டும். நாற்பது ஐம்பது அட்டை போதும். அவற்றைக் கலைத்து ஒரு மாணவர் முன்னால் வைத்து, ‘எதெல்லாம் சேர்ந்திருக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றுகிறதோ அப்படி அடுக்கு, ஒவ்வொரு கட்டுக்கும் நீயே ஒரு பெயர் வை’ என்று சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பேசாமல் இருப்பதுதான் கஷ்டம். பதினைந்து பேரிடம் இதைச் செய்தாலே போதுமான தெளிவு கிடைத்துவிடும் என்று 2004-இல் கணக்குச் சொன்னார் ஜேக்கப் நீல்சன். பயன்பாட்டு ஆய்வில் உலகறிந்த பெயர் அவருடையது. கல்விக் கட்டணத்தை நிர்வாகம் ‘நிதித் துறை’ என்பதன் கீழ் வைத்திருக்கும். மாணவர்கள் அந்த அட்டையைச் சேர்க்கையோடு வைப்பார்கள். விடுதியை நிர்வாகம் ‘வசதிகள்’ என்பதில் நூலகத்துக்கும் மருந்தகத்துக்கும் பக்கத்தில் வைக்கும். புதிதாகச் சேரப்போகும் பெண்ணின் பெற்றோர் அதையும் சேர்க்கைக் கட்டில்தான் தேடுவார்கள்.

அட்டையில் கிடைத்த அடுக்கைச் சோதிக்க இன்னொரு முறை உண்டு. வண்ணம், படம் எதுவுமில்லாமல் வெறும் மெனுப் பெயர்களை மட்டும் காட்டி, ‘ரீவேல்யூவேஷனுக்கு விண்ணப்பிக்க எங்கே போவாய்?’ என்று கேட்பது. முதல் தொடுதலிலேயே தடம் மாறினால் பெயர் சரியில்லை என்று அர்த்தம். இத்தனையும் செய்யக் காசில்லை, ஆளில்லை என்றால், ஏற்கெனவே உள்ள தளத்தின் தேடல் பெட்டியில் மக்கள் என்ன தட்டுகிறார்கள் என்ற பதிவேட்டையாவது எடுத்துப் பார்க்கலாம். மேல்பட்டையில் கிடைக்காததைத்தான் மக்கள் தேடல் பெட்டியில் தட்டுகிறார்கள். அந்தப் பட்டியலின் முதல் பத்து சொற்களுக்கு முகப்பில் இடம் கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பெயர் வைப்பதில் ஒரு பொறி இருக்கிறது. பல தளங்கள் ‘மாணவர்களுக்கு’, ‘பெற்றோருக்கு’, ‘முன்னாள் மாணவர்களுக்கு’ என்று ஆள்வாரியாகப் பிரித்து வைக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பிளஸ் டூ முடித்துவிட்டு விண்ணப்பம் தேடி வருகிறவன் ‘மாணவர்களுக்கு’ என்பதைத் தொடுவானா, மாட்டானா? அவன் இப்போதே மாணவனா, இனிமேல்தான் மாணவனா? மாற்றுச் சான்றிதழ் வேண்டி வந்த, போன மாதம் படிப்பு முடித்த பெண் எந்தக் கதவைத் தட்டுவாள்? தான் யார் என்று முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று வருகிறவரைக் கட்டாயப்படுத்துவது இது. ‘சேர்க்கை’, ‘தேர்வுகள்’, ‘சான்றிதழ்கள்’ என்று காரியத்தின் பெயரை வைத்தால் இந்தக் குழப்பம் இல்லை. திருச்சிக்குப் போகிற பேருந்தின் நெற்றியில் ‘திருச்சி’ என்றுதானே எழுதுகிறோம்.

மெனுவில் ஏழுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஒரு விதி அடிக்கடி காதில் விழும். ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் 1956-இல் எழுதிய கட்டுரையை அதற்குச் சாட்சியாக இழுப்பார்கள். மில்லர் ஆராய்ந்தது மனிதர் ஒரே நேரத்தில் எத்தனை விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்பதை. மெனு கண்ணெதிரே நிற்கிறது; அதை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஐந்து மோசமான பெயர்களைவிட ஒன்பது தெளிவான பெயர்கள் மேல். உண்மையான வரம்பு திரையின் அகலம்தான்.

கட்டும் வேலையைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஒரு இணைப்பில் இருப்பவை இரண்டு: கண்ணுக்குத் தெரியும் சொல், பின்னால் ஒளிந்திருக்கும் முகவரி. மேல்பட்டை என்பது அப்படிப்பட்ட இணைப்புகளின் பட்டியல். அதை ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியாக எழுதாமல் ஒரே கோப்பில் எழுதி, எல்லாப் பக்கமும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் இயற்பியல் துறைப் பக்கத்தில் ஒரு மெனு, விடுதிப் பக்கத்தில் வேறு மெனு என்று ஆகிவிடும். வேர்ட்பிரஸில் 2010-இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்தே, நிரல் எழுதத் தெரியாதவரும் இணைப்புகளை இழுத்து அடுக்கி மெனு கட்டிவிட முடிகிறது. பல பெரிய பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் ட்ரூபல் மென்பொருள் பிறந்ததே பல்கலைக்கழக விடுதியில்தான். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் படித்துக்கொண்டிருந்த ட்ரீஸ் பைடார்ட், நண்பர்களோடு செய்தி பகிர்ந்துகொள்ள எழுதிய நிரல் அது. 2001 முதல் எல்லோருக்கும் இலவசம்.

கணினியில் சரியாக நடக்கும் மெனு கைபேசியில் மண்ணைக் கவ்வுவது வேறு கதை. சுட்டியை மேலே கொண்டுபோனால் பட்டியல் விரியும் என்ற ஏற்பாடு விரலுக்குப் பொருந்தாது. விரல் தொடும், அல்லது தொடாது, மேலே மிதக்காது. நம் மாணவர்கள் பலர் ரிசல்ட் பார்ப்பது கைபேசியில். அங்கே முழுப் பட்டையும் சுருங்கி மூன்று படுக்கைக் கோடுகளாகிவிடுகிறது. அந்தக் கோடுகளை வரைந்தவர் நார்ம் காக்ஸ். 1981-இல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக. முப்பது ஆண்டு தூங்கிக் கிடந்து கைபேசியால் மறுபிறவி எடுத்த சின்னம் அது. இடத்தை மிச்சப்படுத்துகிறது என்பது உண்மை. ஆனால் மறைத்துவைத்த மெனுவால், உள்ளே இருப்பதை மக்கள் கண்டுபிடிப்பது கிட்டத்தட்டப் பாதியாகக் குறைகிறது என்று நீல்சன் நார்மன் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. எனவே தேர்வு, கட்டணம் போன்ற மூன்று நான்கு இணைப்புகளைக் கோடுகளுக்குள் அடைக்காமல் வெளியிலேயே விட்டுவைப்பது புத்திசாலித்தனம்.

பார்வையற்ற மாணவருக்கு மேல்பட்டை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்காதவர்களே இந்தத் தளங்களைக் கட்டுகிறார்களோ என்ற சந்தேகம் எழாமல் இல்லை. அவர் திரையைப் பார்ப்பதில்லை, கேட்கிறார். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கிய என்விடிஏ என்ற இலவச மென்பொருள் திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும், தமிழையும் படிக்கும். கரனும், அவரோடு சேர்ந்துகொண்ட ஜேம்ஸ் டேயும் பார்வையற்றவர்கள். இந்த மென்பொருளின் காதுக்கு மேல்பட்டை என்பது வரிசையாக வரும் சொற்கள். எண்பது இணைப்புள்ள மெனுவைக் கண்ணுள்ளவர் ஒரு நொடியில் தாண்டிவிடுவார். கேட்பவருக்கு எண்பதையும் தாண்டினால்தான் அறிவிப்பு வரும். அடுத்த பக்கத்துக்குப் போனால் மறுபடி முதலிலிருந்து எண்பது. ‘நேரே உள்ளடக்கத்துக்குச் செல்க’ என்று மேல்பட்டைக்கும் மேலே ஓர் இணைப்பு வைத்துவிட்டால் தீர்ந்தது. உலகளாவிய வலை அணுகல் நெறிகளின் 2008-ஆம் ஆண்டுப் பதிப்பில், திரும்பத் திரும்ப வரும் பகுதியைத் தாண்ட வழி வேண்டும் என்பது அடிமட்ட நிபந்தனை. எல்லாப் பக்கத்திலும் மெனுவின் வரிசை மாறாமல் இருக்க வேண்டும் என்பது அடுத்த படி. அந்த ஒற்றை இணைப்பைச் சேர்க்கச் சில வரி நிரல் போதும். நம் தளங்களில் பலவற்றில் அது இல்லை என்பதற்கு அக்கறையின்மையைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியாது.

இது கருணை விஷயமும் அல்ல. அரசுத் தளங்களுக்கான இந்திய வழிகாட்டு நெறிகள் 2009-இலேயே வந்துவிட்டன. மூன்றாம் பதிப்பு 2023-இல் வந்தது. டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்புச் சொன்னது.

மேல்பட்டைக்குக் கீழே வலமிருந்து இடமாக, அல்லது கீழிருந்து மேலாக ஓடிக்கொண்டே இருக்கும் அறிவிப்புகளையும், அவற்றின் பக்கத்தில் சிவப்பில் மின்னும் ‘நியூ’ என்ற சின்னத்தையும் பற்றி ஒரு வார்த்தை. அந்த ஓடும் எழுத்து 1990-களில் மைக்ரோசாஃப்டின் உலாவியோடு வந்தது. இன்றைய எச்டிஎம்எல் தரத்தில் வழக்கொழிந்த குறி. தானாக ஓடுவது ஐந்து நொடிக்கு மேல் நீடித்தால் அதை நிறுத்தும் வசதி வேண்டும் என்று அணுகல் நெறி சொல்கிறது. ஓடும் வரியைத் துரத்திப் பிடிப்பது விரல் நடுங்கும் முதியவருக்கு மட்டுமல்ல, யாருக்குமே எரிச்சல்தான். மேல்பட்டையில் ‘அறிவிப்புகள்’ என்று ஒரே ஓர் இணைப்பு, உள்ளே தேதி வாரியாக ஒரு பட்டியல். முடிந்தது.

இணைப்பை வைப்பதோடு வேலை தீர்வதில்லை. தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வைப் பல ஆண்டுகள் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது, தனித் தளத்தில். நூற்றுக்கணக்கான கல்லூரித் தளங்களில் ‘கலந்தாய்வு’ என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் இருந்த முகவரி, ஒரே ஆண்டில் மாற்றப்பட வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட மாற்றங்களை யார் கவனிப்பது? 2013-இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளில் காணாமல் போய்விட்டன என்று பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்கிட்டது. செத்துப்போன இணைப்புகளைத் தேடித் தரும் இலவச மென்பொருள்கள் உண்டு. செமஸ்டருக்கு ஒருமுறை ஓட்டினால் போதும். அதைவிட முக்கியம், மேல்பட்டைக்கு ஓர் உரிமையாளர் இருப்பது: சேர்க்கவும் நீக்கவும் அதிகாரமுள்ள ஒரே ஆள், துறைத்தலைவர் கேட்டாலும் ‘முடியாது ஐயா’ என்று சொல்லக்கூடிய ஆள்.

எதை முகப்பில் வைக்க வேண்டும் என்பதில் பல்கலைக்கழகங்களுக்கு இப்போது முழுச் சுதந்திரமும் கிடையாது. கட்டணம், ஆசிரியர் விவரம், குறைதீர்ப்பாளர் போன்றவற்றைத் தளத்தில் தாமாகவே வெளியிட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2024-இல் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. முகப்புப் பக்கத்திலேயே இணைப்பு வேண்டும், பதிவு செய்தோ கடவுச்சொல் கொடுத்தோ பார்க்கும்படி வைக்கக் கூடாது, தேடல் வசதியும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டே, உரிய தகவல்களைத் தராத, வெளியிடாத 54 தனியார் பல்கலைக்கழகங்களின் பெயர்ப் பட்டியலைக் குழு வெளியிட்டது. பத்து ஆண்டுகளுக்கு முன் அழகியல் விவகாரமாக இருந்தது இப்போது ஒழுங்குமுறை விவகாரமாகிவிட்டது. நல்லதுதான்.

மாணவர்களும் பெற்றோரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. அரசு நெறிகளின்படி ஒவ்வொரு தளத்துக்கும் வலைத் தகவல் மேலாளர் என ஒருவர் இருக்க வேண்டும். அவரைத் தொடர்புகொள்ளும் விவரம் தளத்திலேயே, பெரும்பாலும் பக்கத்தின் அடியில், இருக்க வேண்டும். அடுத்த முறை செத்த இணைப்பில் போய் முட்டிக்கொண்டால், எந்தப் பக்கத்தில் இருந்தீர்கள், எந்த இணைப்பைத் தொட்டீர்கள், எதைத் தேடி வந்தீர்கள் என்று மூன்று வரி மின்னஞ்சல் அவருக்கு அனுப்புங்கள். கூட்டத்தில் தன் பக்கம் பேச அவருக்கும் ஆதாரம் வேண்டும்.